அரிசி வாளிக்குள் ஒரு போத்தல்

பிள்ளைக்கு மூன்று வயதாகியும் வாயில் பால் போத்தல் இருந்தால் ஊருக்குப் பொறுக்காது. ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் நிரோஷினிக்குப் புத்தி சொல்லாத ஆளில்லை. தங்கள் பிள்ளைகள் எப்போது போத்தலை விட்டன என்று கேட்டால், எல்லாம் பிறந்த கையோடு கோப்பையைப் பிடித்தவை போலத்தான் கதைப்பார்கள்.

கிளினிக் மிட்வைஃப் மிஸ் மட்டும் விஷயத்தோடு சொன்னார். "ஒரு வயசோட விட்டிருக்க வேணும் தங்கச்சி. பல்லெல்லாம் சூத்தையாப் போகுது, பாருங்கோ. கோப்பையில குடுத்துப் பழக்குங்கோ."

"ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று நிரோஷினி தலையாட்டுவாள். மிஸ் வீட்டுக்கு வருகிற நாளில் போத்தல் குசினியில் இருக்கும் அரிசி வாளிக்குள் புதைந்துவிடும். மிஸ் படலையைத் தாண்டியதும் அரிசியைத் தட்டிக்கொண்டு வெளியே வரும். அதுவரைக்கும் பிள்ளை அனோஷி வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பாள். தாய்மார் செய்கிற சின்னக் கள்ளம்தான். இதற்கெல்லாம் கடவுள் தண்டிப்பதென்றால் உலகத்தில் ஒரு தாயும் மிஞ்சமாட்டாள்.

அது நாடே வரிசையில் நின்ற வருடம். மண்ணெண்ணெய் இல்லாமல் நிரோஷினியின் கணவன் அஞ்சலோவின் மீன்பிடி போட் கரையில் கிடந்து வெயிலில் வெடித்தது. பால்மா வந்திருக்கிறதாம் என்று கேள்விப்பட்டு ஓடினால், முடிந்துவிட்டது என்று கடைக்காரன் கையை விரிப்பான். கடலையே பார்த்துக்கொண்டிருந்த அஞ்சலோ ஒருநாள் தம்பிராசாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். தம்பிராசா ஆட்களைக் களவாகக் கடல்வழியே வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். போட்டையும் என்ஜினையும் விற்று, தாய், தகப்பன், மகன் ஜெனிஸ்டன், சின்னவள் அனோஷி என்று நான்கு பேருமாகப் போய்விடுவது என்று முடிவாயிற்று.

அனோஷியின் வாயைப் பார்த்ததும் தம்பிராசாவின் முகம் மாறியது.

"போத்தல் குடிக்கிற பிள்ளையை ஏத்த ஏலாது. நடுக்கடலில சுடுதண்ணிக்கு எங்க போறது? போன முறை ஒரு பிள்ளை பச்சைத் தண்ணியில கரைச்ச பாலைக் குடிச்சு, வயித்தாலடியில அரை உயிராப் போட்டுது. பால் இல்லாட்டிக் கத்தும். நேவி கிட்ட வரேக்க கத்தினா எல்லாரும் உள்ளதான். மறக்கப் பண்ணுங்கோ, பிறகு பாப்பம்."

அன்றைக்குத் தொடங்கியது பாடு. நிரோஷினி போத்தலின் சூப்பியில் வேப்பெண்ணெய் தடவினாள். அனோஷி அதைச் சட்டையில் துடைத்துவிட்டு நிம்மதியாகக் குடித்தாள். போத்தலைக் காகம் கொண்டு போய்விட்டது என்றாள்; பிள்ளை முற்றத்தில் நின்று, "காகமே, தா! கள்ளக் காகமே, தா!" என்று தொண்டை கட்டும்வரை ஏசியது. கோப்பையில் ஊற்றிக் கொடுத்தால் தட்டிவிட்டாள். ஜெனிஸ்டன் தன் கோப்பையிலிருந்த பிளேன்ரீயைச் சர் சர்ரென்று உறிஞ்சி, தங்கச்சிக்கு ஆசை காட்டிப் பார்த்தான். அவனுக்குப் பத்து வயதுதான், ஆனால் அந்த வீட்டில் பொறுமை இருந்தது அவனிடம் மட்டுந்தான். அனோஷி அழுதழுது சத்தியெடுத்தாள். நிரோஷினியும் கூட இருந்து அழுதாள்.

கடைசியில் ஒரு மத்தியானம் பிள்ளை போத்தல் கேட்காமல் தானாகத் தூங்கிவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. அஞ்சலோவுக்கு வாயெல்லாம் பல்.

"இனி வச்சிருக்காத நிரோ. கொண்டுபோய்க் கடலில எறி."

"ஓம், எறியிறன்" என்றாள். எறியவில்லை. போட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்? ஒன்றும் சாப்பிடாமல் அடம்பிடித்தால்? ஒரு அவசரத்துக்கு இருக்கட்டுமே என்று, பழகிய கை, பழகிய இடத்தில் கொண்டுபோய் அதைப் புதைத்தது.

சொன்னபடி தம்பிராசா அன்று பின்னேரம் பார்க்க வந்தார். கதிரையில் இருந்து பயணக் கதை கதைத்துக்கொண்டிருந்தார். அவரை வாசலில் கண்டதுமே அனோஷி குசினிக்குள் ஓடியிருந்தாள். வெளியாட்கள் வந்தால் போத்தல் எங்கே போகும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? அவளுக்கு அதைப் பழக்கியதே தாய்தானே. கையெல்லாம் அரிசி ஒட்ட, வெறும் போத்தலை உறிஞ்சியபடி வந்து தகப்பனின் மடியில் ஏறி இருந்தாள். அஞ்சலோ அதைப் பிடுங்கப் போக, வீடு இடிந்து விழுமளவுக்குக் கத்தினாள்.

தம்பிராசா எழும்பினார். "குறை நினையாதேங்கோ தங்கச்சி. இந்தச் சத்தத்தை நான் போட்டில ஏத்த மாட்டன்."

அஞ்சலோ மனைவியை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "நானும் ஜெனிஸ்டனும் முன்னுக்குப் போறம். நீ இவளை மறக்கப் பண்ணிப்போட்டு அடுத்த போட்டில வா" என்று மட்டும் சொன்னான்.

புறப்படுகிற அன்று ஜெனிஸ்டன் தங்கச்சியின் முன்னால் குந்தியிருந்து, அவளுடைய கன்னத்தைப் பிடித்தான். "போத்தலை விட்டாத்தான் போட்டில ஏத்துவினம், விளங்குதா? கெதியா விட்டிட்டு அம்மாவோட வா." அவள் வாயிலிருந்த போத்தலை எடுக்காமலே தலையாட்டினாள். தகப்பனும் மகனும் பள்ளிக்கூடப் பை ஒன்றோடு, சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் போல, போட் புறப்படுகிற குச்சவெளிக்குப் பஸ் ஏறினார்கள்.

அதோடு சரி. தம்பிராசாவின் போன் வேலை செய்யவில்லை. மாதங்கள் போயின. எங்கேயோ ஜெயிலில் இருக்கிறார்களாம் என்றார்கள் சிலர். ஜெயில் என்று கேட்டபோது நிரோஷினிக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜெயிலில் சோறு போடுவார்கள். அடுத்த போட் என்ற கதையே இல்லாமல் போனபின் யாருக்காகப் பிள்ளையை அழவைப்பது? போத்தலை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். பால்மா இல்லாத நாட்களில் கஞ்சித் தண்ணீர். ஆனாலும் அதைக் கழுவும்போதெல்லாம் வாய்விட்டு ஏசுவாள்: "இந்தச் சனியன் மட்டும் இல்லாட்டி நாங்களும் அவையளோட போயிருப்பம்." அனோஷி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் காலை ஒரு பெண் படலைக்கு வந்தாள். குச்சவெளி ஹுஸ்னியா. அவளுடைய கணவன் ஸுஹைரும் அதே போட்டில் போனவன்.

"அவரு கோல் எடுத்தாரு" என்றாள். முகத்தில் சந்தோஷமுமில்லை, துக்கமுமில்லை. எதை வைத்துக்கொள்வதென்று அவளுக்கே தெரியவில்லை. "போட் கவுந்து கடலுக்குள்ள தாண்டுட்டுதாம். அந்தப் பக்கமா வந்த கப்பல்காரன் அவரை மட்டும்தான் உயிரோட எடுத்தானாம். கையில போன் இல்லாம இவ்வளவு நாளும் ஆஸ்பத்திரியில இருந்திருக்காரு. உங்கட புருஷன் மகனைக் கடைசி மட்டும் தோளில வெச்சிருந்தாராம். அதை உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு."

போகும்போது அனோஷியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். "இந்தப் பிள்ளையையாச்சும் அல்லாஹ் மிச்சம் வெச்சான்."

நிரோஷினி குசினி நிலத்தில் இருந்துவிட்டாள். மிச்சம் வைக்கச் சொல்லி யார் கேட்டார்கள்? அந்தப் போட்டில் இருந்திருந்தால் மகனின் ஒரு கையையாவது பிடித்திருப்பாள். போத்தலை அன்றே கடலில் எறிந்திருந்தால் இந்தச் சின்னதும் இன்றைக்கு இல்லை. எறியாமல் விட்டது பிழையா, சரியா? எப்படி நினைத்தாலும் நெஞ்சைத்தான் அறுத்தது. அவள் வாய்விட்டு அழுதாள்.

அனோஷி தாயின் பக்கத்தில் வந்தாள். அம்மா எதற்கு அழுவாள் என்பது அவளுக்குத் தெரியும். வாயிலிருந்த போத்தலை எடுத்துத் தாயின் மடியில் வைத்தாள். பிறகு போய் அண்ணாவின் கோப்பையை எடுத்து வந்தாள்.

"அழாதேங்கோ அம்மா. நான் போத்தலை விட்டுட்டன். இதில தாங்கோ."

நிரோஷினி நிமிர்ந்து பார்த்தாள்.

"இனி எங்களையும் ஏத்துவினம்தானே?"

நிரோஷினி போத்தலைத் தூக்கி, சூப்பியைப் பிள்ளையின் உதட்டில் வைத்து அழுத்தினாள். "குடி ராசாத்தி. அம்மா ஏசமாட்டன். ஒருத்தரும் ஏசமாட்டினம். நீ ஆசைப்பட்ட மட்டும் குடி."

அனோஷி இரண்டு உதட்டையும் இறுக்கி மூடிக்கொண்டு, இல்லை இல்லை என்று தலையாட்டினாள். எவ்வளவு கெஞ்சியும் வாயைத் திறக்கவில்லை. பிறகு கட்டிலுக்குக் கீழே இருந்த தன் சப்பாத்தை இழுத்து, கால்மாறிப் போட்டுக்கொண்டு, வாசற்படியில் போய் இருந்தாள்.

"கெதியா வாங்கோ அம்மா" என்றாள். "அண்ணா பாத்துக்கொண்டு நிப்பார்."