கைக்கு அடக்கமானது

சனிக்கிழமை காலை, சான் ரமோன் வீட்டின் சாப்பாட்டு மேசையில் தேவநேசன் இரண்டு கேட்லாக்குகளை விரித்து வைத்திருந்தான். ஒன்றில் மனைவி ரெபெக்கா கேட்ட ரைஃபிள்கள். மற்றொன்றில் பிஸ்டல்கள். பிஸ்டல் புத்தகத்தில் ஒரு பக்கத்தின் மூலை மடிக்கப்பட்டிருந்தது.

"ரைஃபிள்னா அத எங்க வைக்கிறது ரெபி? ஆளுயரத்துக்குப் பெட்டி வேணும். இது பாரு, காம்பேக்ட். கைக்கு அடக்கமா இருக்கும். பெட் பக்கத்துல டிராயர்ல போட்டுடலாம்."

"டார்கெட் டிராயருக்குள்ளயா இருக்கு?" என்றாள் ரெபெக்கா.

அவன் சிரித்தான். "ஹாபிக்குத்தான்மா. சேனாபதி வாராவாரம் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போறான். ஸ்ட்ரெஸ் எல்லாம் போயிடுதாம்."

இந்த ஹாபி எங்கே பிறந்தது என்று ரெபெக்காவுக்குத் தெரியும். ஆகஸ்ட் மாதம், வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கேஸ் ஸ்டேஷனில் பெட்ரோல் போடும்போது, ஒருவன் துப்பாக்கியைக் காட்டி தேவநேசனின் பர்ஸையும் வாட்சையும் பிடுங்கிக்கொண்டு போனான். காயம் ஏதுமில்லை. அடுத்த ஞாயிறு, தமிழ் ஆராதனை முடிந்து எல்லோரும் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது தேவநேசன் அதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னான்.

"பயத்துல எனக்கு இங்கிலீஷே மறந்துபோச்சு. 'எடுத்துக்கோ தம்பி, எடுத்துக்கோ'ன்னு தமிழ்லயே சொல்லிட்டேன். அவன் முழிக்கிறான், இந்தாளு ஏதோ மந்திரம் போடுறான்னு!"

எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு யார் வீட்டுக்குப் போனாலும், "அங்கிள், அந்தத் தம்பி கதையைச் சொல்லுங்க" என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் நீண்டது. ரெபெக்காவும் சிரித்தாள். ஆனால் அந்த நாளிலிருந்து அவன் கார்களுக்கு கேஸ் போடுவதில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். "நீ கடைக்குப் போறியா? என் காரையே எடுத்துட்டுப் போயேன்" என்பான். பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று அவள் பார்த்துக்கொள்வாள். டிவி பார்த்துக்கொண்டிருப்பவன் எழுந்துபோய் வாசல் பூட்டைத் தொட்டுவிட்டு வந்து உட்காருவான். விளம்பரம் வந்ததும் மறுபடி எழுவான்.

ஒருமுறை கேட்டாள். "பயமா இருக்காங்க?"

"எனக்கா?" என்றான், அவள் ஏதோ வசைச்சொல்லைச் சொல்லிவிட்டதைப் போல.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள். பயம் என்று அவன் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அவள் அவன் பக்கத்தில் போய் நின்றுகொள்ளலாம். சொல்லாத ஒன்றின் பக்கத்தில் எப்படி நிற்பது? அந்தச் சின்ன பிஸ்டல் டிராயருக்குள் வந்துவிட்டால் அவனுக்கு அந்தச் சொல்லே தேவைப்படாது. ஒவ்வோர் இரவும் தலைக்குப் பக்கத்தில் அது இருக்கும். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஆன்லின் அடுத்த அறையில் தூங்குவாள். நாங்கள் மூவரும் அவனுடைய பயத்தோடு குடியிருப்போம், அதன் பெயர் ஹாபி என்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ரைஃபிள் வேண்டும் என்று அவள் சொன்னதற்கு வேறொரு காரணமும் இருந்தது. பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது அவள் என்.சி.சி.யில் இருந்தாள். கோணிமேல் குப்புறப் படுத்து, கன்னத்தை ரைஃபிளின் மரக்கட்டையில் பதித்து, மூச்சைப் பாதி வெளியே விட்டு நிறுத்திச் சுட வேண்டும். அந்த அரை மூச்சுக்குள் யாருடைய மகளாகவும் இருக்க வேண்டியதில்லை. பெண் பார்க்க வந்தபோது வீட்டில் அதைச் சொல்ல வேண்டாம் என்றார்கள். தேவநேசனுக்கு அது தெரியவந்ததே கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்துத்தான். "நீயா? பொய் சொல்லாத" என்று அன்றும் சிரித்தான்.

ஆன்லினை விசாலாக்ஷியிடம் விட்டுவிட்டு, அவள் கணவன் சேனாபதியோடு ரேஞ்சுக்குக் கிளம்பினார்கள். சேனாபதி தேவநேசனின் ஆபீஸ் நண்பன். ஈரோட்டுக்காரன்.

"எங்கப்பா சேனாபதின்னு பேரு வெச்சாரு. துப்பாக்கி இல்லாட்டி பேருக்கு ஏது மரியாதை?" என்றான் வண்டியை ஓட்டியபடி. "சிஸ்டர், நீங்க என்ன சுடிதார்ல வந்துட்டீங்க? கழுத்து மூடின டி-ஷர்ட் போடச் சொன்னேனேய்யா தேவா."

"மறந்துட்டேன்" என்றான் தேவநேசன். அவன் காலையிலிருந்து எதையுமே சரியாகக் கேட்கவில்லை.

மலைகளுக்கு நடுவில் இருந்தது ரேஞ்ச். அக்டோபர் வெயிலில் புல் முழுவதும் காய்ந்து கிடந்தது. சேனாபதி தன் இரண்டு துப்பாக்கிகளையும் பெஞ்சுமேல் எடுத்து வைத்தான். நீளமான ரைஃபிள் ஒன்று. அதன் பக்கத்தில் கறுப்பாக, ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டின் அளவில், பிஸ்டல். ஆரஞ்சுச் சட்டை போட்ட ரேஞ்ச் ஆபீசர் விதிகளைச் சொன்னார். எல்லோரும் காதுமூடிகளை மாட்டிக்கொண்டார்கள்.

தேவநேசன் முதலில் பிஸ்டலை எடுத்தான். சுட்டதெல்லாம் காகிதத்தின் ஓரத்திலும் மண்மேட்டிலும் போய் விழுந்தது. அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. குண்டு தீர்ந்த பிறகும் அதை உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி, திறந்து, பார்த்துக்கொண்டிருந்தான். அது கைக்குள் மறைகிறதா என்று சோதிப்பதைப் போல இருந்தது.

ரெபெக்கா ரைஃபிளோடு தரையில் விரித்த பாயில் படுத்தாள். கன்னம் கட்டையில் பட்டதும் உடம்புக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. என்.சி.சி.யில் உஸ்தாத் என்று கூப்பிட்ட ஹவில்தாரின் குரல்கூட. மூச்சைப் பாதி விட்டாள். நிறுத்தினாள்.

சேனாபதி பைனாகுலரில் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான். "சிஸ்டர், ஊர்ல போலீஸ்ல இருந்தீங்களா? யோவ் தேவா, வீட்ல வாய பாத்து விடுய்யா. எல்லாம் ஒரே ஓட்டையா இருக்கு."

தேவநேசனும் சிரித்தான். பிறகு பிஸ்டலை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தான். "இதையும் ஒருதடவ பாரு ரெபி. அப்புறம் சொல்லு." குரலில் கெஞ்சல் இருந்தது. அதனால் எடுத்தாள்.

முதல் குண்டு. இரண்டாவது. மூன்றாவதைச் சுட்டதும், பிஸ்டலிலிருந்து வெளியே துள்ளிய காலி பித்தளைத் தோட்டா காற்றில் திரும்பி அவள் சுடிதாரின் அகலமான கழுத்துக்குள் விழுந்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. அடுப்பிலிருந்து எடுத்த கரண்டியை வைத்த மாதிரி எரிந்தது. அந்த எரிச்சலிலும் கை பழகியதைச் செய்தது. முனை டார்கெட்டைப் பார்க்க பிஸ்டலை பெஞ்சில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் துப்பட்டாவைப் பிடுங்கி எறிந்து கத்தினாள்.

"சுட்டுடுச்சு! ஐயோ, சுட்டுடுச்சு!"

ஆங்கிலத்தில் கத்தியிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. தமிழில் தோசைக்கல்லுக்கும் துப்பாக்கிக்கும் ஒரே சொல்தான்.

சட்டையை உதறி, தோட்டா கீழே விழுந்து, அவள் திரும்பியபோது தேவநேசன் அவளை நோக்கி ஓடி வந்துகொண்டிருக்கவில்லை. சரளைக் கற்கள்மேல் மண்டியிட்டிருந்தான். இரண்டு கைகளும் தலைக்குமேல் இருந்தன. கண்கள் மூடியிருந்தன.

"ஐயா... வேணாங்கய்யா... ஐயா..."

"சீஸ் ஃபயர்!" என்று ஒலிபெருக்கி கத்தியது. வெடிச்சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அந்த அமைதியில் அவன் குரல் மட்டும் கொஞ்சநேரம் தனியாகக் கேட்டது.

ரெபெக்கா அவன் எதிரில் தானும் மண்டியிட்டாள். அவன் காதுமூடியைக் கழற்றினாள். "எனக்கு ஒண்ணும் இல்லங்க. சூடு பட்டுடுச்சு, அவ்ளோதான். இங்க பாருங்க. தோட்டா உள்ள விழுந்துடுச்சு."

அவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான். தன் கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தான். மெதுவாக இறக்கினான்.

சேனாபதி ரேஞ்ச் ஆபீசரிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு வந்தான். பெஞ்சில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. "நான் போயி தண்ணி வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

இருவரும் ஓக் மர நிழலில் இருந்த மர மேசைக்குப் போனார்கள். வெகுநேரம் அவன் முட்டியில் ஒட்டியிருந்த கற்களைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"நான் அவன தம்பின்னு சொல்லல, ரெபி."

அவள் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"மண்டி போடுன்னான். அந்த ஐஸ் விக்கிற பெட்டி இருக்குமே, அதுக்கு முன்னாடி. போட்டேன். அவனுக்கு இருபது வயசு இருக்குமா? ஐயா, ஐயான்னு அழுதேன். அவன் கையில இருந்தது இவ்ளோண்டுதான். உள்ளங்கைக்குள்ள மறைஞ்சிருந்துச்சு." அவன் தன் வெறும் கையைத் திறந்து காட்டினான். "அந்த மாதிரி ஒண்ணு எங்கிட்ட இருந்தா..."

"இருந்தா?"

"தெரியல. தம்பின்னு சொல்லியிருப்பேனோ என்னவோ."

இரண்டு மாதமாக அவள் காத்திருந்தது இதற்குத்தான். வந்ததும் அவளுக்கு நிம்மதியாக இருக்கவில்லை. எத்தனை வீடுகளில் அந்தக் கதைக்குத் தானும் சேர்ந்து சிரித்தோம் என்றுதான் தோன்றியது. ஒவ்வொரு முறையும் அந்த ஐஸ் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, 'ஐயா'வை அழித்துவிட்டு அங்கே 'தம்பி' என்று எழுதிவிட்டு வந்திருக்கிறான். மற்றவர்கள் சிரிக்கச் சிரிக்க அது கொஞ்சம் அழிந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் மறுபடி தெரிந்திருக்கும்.

பிறகு அவளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. திருநெல்வேலிப் பக்கத்தில் அவன் வீட்டில் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். போனில்கூட அவன், "ஐயா, நல்லாருக்கீங்களா" என்றுதான் ஆரம்பிப்பான்.

"யார கூப்பிட்டீங்க அப்போ?" என்று மெல்லக் கேட்டாள். "அவனையா, உங்க ஐயாவையா?"

அவன் அதை இதற்குமுன் யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. உதடு கோணியது.

"அதான் எனக்கே தெரியலயே" என்றான். அவள் தோளில் தலையைச் சாய்த்தான். வெடிச்சத்தம் மறுபடி தொடங்கியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் உடல் அதிர்வதை அவளால் உணர முடிந்தது. அவன் அதை மறைக்கவில்லை.

திரும்பும் வழியில் துப்பாக்கிக் கடைக்குப் போக வேண்டாம் என்று சேனாபதி சொல்லிப் பார்த்தான். தேவநேசன்தான் போகலாம் என்றான். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிமேல் பச்சைத் துணியை விரித்து அவன் கேட்ட காம்பேக்ட் பிஸ்டலை வைத்தார். தேவநேசன் அதை எடுத்து உள்ளங்கையில் ஏந்தினான். விரல்களை மூடவில்லை. பிறகு, குழந்தை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கி வைப்பதைப் போல, கவனமாகத் துணிமேல் திருப்பி வைத்தான்.

"ரைஃபிளே வாங்கலாம்" என்றான். "ரெபி பேர்ல."

"எனக்காகச் சொல்றீங்களா?"

"இல்ல. எனக்கும் சொல்லிக்குடு. படுத்துகிட்டு, அந்த மூச்சு விடுறது இருக்குல்ல, அது."

பத்து நாள் கழித்து வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர். "அதுக்குள்ள நம்ம கோவமெல்லாம் ஆறிடும்னு சட்டம் போட்டவன் நெனச்சிருக்கான்" என்றான் சேனாபதி. தேவநேசனின் தோளில் கையைப் போட்டு வெளியே அழைத்து வந்தான். "யோவ், அந்தக் கதைய இனிமே எவனாவது கேட்டா எங்கிட்ட அனுப்பு. நான் வேற கதை சொல்றேன். சிஸ்டர் சுட்ட கதை."

சேனாபதி வீட்டில் ஆன்லினை ஏற்றிக்கொண்டு அவர்கள் தங்கள் காரில் கிளம்பினார்கள். விசாலாக்ஷி கட்டிக்கொடுத்த இட்லியை மடியில் வைத்துக்கொண்டு, "டிட் யூ வின், மம்மி?" என்று கேட்டாள் ஆன்லின்.

"அதெல்லாம் போட்டி இல்லடா செல்லம்."

முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தது. வழக்கம்போல ரெபெக்கா நாளைக் காலை போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தேவநேசன் சட்டென்று இண்டிகேட்டரைப் போட்டு, சாலையோர கேஸ் ஸ்டேஷனுக்குள் காரைத் திருப்பினான். பம்ப் பக்கத்தில் நிறுத்தினான். என்ஜினை அணைத்தான். இறங்கவில்லை. கடை வாசலில் ஒரு ஐஸ் பெட்டி இருந்தது.

அவள் கதவைத் திறக்கப் போனாள். "இருங்க, நான் போடுறேன்."

"இல்ல, நான் போடுறேன்." ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தான். "நீயும் கூட வந்து நில்லேன், ரெபி. பயமா இருக்கு."

அவள் இறங்கிப் போய் அவன் பக்கத்தில் நின்றாள். பம்ப்பில் எண்கள் ஓடின.