ஐந்தாம் சுருளில் மீசை இல்லை

அழியாத காதலின் விலை கிலோ நாற்பது. அதுவும் டப்பாவோடு சேர்த்து நிறுத்தால்தான். டப்பாவைக் கழற்றிவிட்டால் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தகரத்துக்குச் சந்தை உண்டு, காதலுக்குக் கிடையாது.

இடிக்கப்போகிற தியேட்டரின் நாற்காலி, மின்விசிறி, டிக்கெட் கூண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசி முடித்த பழைய சாமான் வியாபாரி, கடைசியாக ஆபரேட்டர் அறையில் ஏழு டப்பாக்களைப் பார்த்தார். உள்ளே ஊமைப் படம். பேசாத படத்துக்குப் பேரம் பேசவும் ஆளில்லை. தராசு இருபத்தொரு கிலோ காட்டியது. எண்ணூற்று நாற்பதை எண்ணி வைத்துவிட்டு வண்டியில் ஏற்றினார்.

கடைவீதியில் அவருக்கு ஜோடி என்று பெயர். ஒரு வீட்டில் உடைந்து எஞ்சிய நாலு கோப்பையையும் இன்னொரு வீட்டில் எஞ்சிய இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஆறு கோப்பை செட்டாக விற்பார். ஒற்றை மேசை விளக்கு அவர் கடைக்குள் நுழைந்தால் ஒரு மாதத்துக்குள் அதற்குத் துணை அமைந்துவிடும். பொய் மட்டும் சொல்லமாட்டார். பொருள்களைப் பக்கம் பக்கமாக வைப்பார். மீதிப் பொய்யை வாங்க வருகிறவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

தியேட்டரோடு வேலையும் போன ஆபரேட்டர்தான் டப்பாக்களைத் திறந்து பார்த்தார். சட்டென்று தீப்பற்றிக்கொள்கிற பழைய ரகம் இல்லை, பிற்பாடு எடுத்த பிரதி, ஓட்டலாம் என்றார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"முதலாளி, இது ஒரு படமில்ல. ரெண்டு."

"எப்படி?"

"நாலு சுருள்ல கப்பல் முதலாளி பொண்ணு. ஒரு மாலுமி மேல உசுரையே வச்சிருக்கா. முடிவக் காணோம். மத்த மூணுல தையல்காரி, நீதிபதி மகன். அதுல ஆரம்பத்தக் காணோம்."

"நடிகை?"

"ஒரே ஆளுதான்."

"அப்புறம் என்ன? ஒரே குடும்பம். சேத்து வைங்க."

"ஹீரோவுக்கு முதல்ல மீசை இருக்கு. அஞ்சாம் சுருள்ல இல்லையே."

"எங்க மாமனார்கூடத்தான் திடீர்னு மீசைய எடுத்தாரு. மாமியா விட்டுட்டா போயிட்டாங்க?"

இடையிடையே வருகிற எழுத்து அட்டைகள்தான் தொந்தரவு. பின் மூன்று சுருளில் ஆட்களுக்கு வேறு பெயர். கோப்பையின் அடியில் இருக்கும் கம்பெனி முத்திரையைச் சுரண்டுகிற அதே நிதானத்தோடு, "அந்த அட்டைங்கள வெட்டிருங்க" என்றார் ஜோடி. "பேசாத படந்தானே. கொஞ்சம் கூடவே பேசாம இருக்கட்டும்."

அவருடைய வீட்டில் ஏற்கெனவே ஓர் ஊமைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி அவரோடு பேசி ஐம்பத்து மூன்று நாள் ஆகிறது. தம்பி வீட்டுக்கு மூன்று நாள் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கூடத்தில் பியானோ இருந்த இடத்தில் நாலு கால் தடம்தான் இருந்தது. பதினெட்டாயிரத்துக்கு விற்றிருந்தார். "நல்ல விலைடி! இத யாரு வாசிக்கிறா?" என்று அவர் வாயெல்லாம் பல்லாகச் சொன்னதுதான் கடைசி வசனம். அவள் தினமும் மத்தியானம் வாசிப்பாள். அந்த நேரத்தில் அவர் கடையில் இருப்பார். ஆகவே வீட்டில் யாரும் வாசிப்பதில்லை என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

அன்றிலிருந்து சேதியெல்லாம் அட்டையில். அவருடைய கடை அட்டையே அதற்கும். முன்பக்கம் 'உடைந்த செட்டுகளுக்கு ஜோடி சேர்த்துத் தரப்படும்' என்று அச்சடித்திருக்கும். பின்பக்கம் அவள் கையெழுத்து: 'சாப்பாடு அடுப்பின் மேல்.' 'கேஸ் தீர்ந்தது.' 'சட்டையில் பட்டன் இல்லை, அப்படியே போடவும்.' அவர் வாயால் பதில் சொல்வார். அவள் சுவரைப் பார்ப்பாள். கெஞ்சினார், கோபித்தார், காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தார். அட்டை வந்தது: 'மாத்திரை அலமாரியில்.'

வியாழக்கிழமை வந்த அட்டையை மட்டும் அவர் இரண்டு தடவை படித்தார். 'ஞாயிறு தம்பி வருகிறான். அவனோடு போகிறேன். பெட்டி இரண்டு.' எப்போது திரும்புவாள் என்று அதில் இல்லை.

அந்த வாரம்தான் ஏழு சுருளையும் ஏழாயிரத்துக்குப் பல் டாக்டரிடம் தள்ளியிருந்தார். டாக்டருக்கு ஊமைப் படம் என்றால் பைத்தியம். பகலெல்லாம் வாயைப் பிளந்தவர்களையே பார்க்கிற மனுஷன், சாயங்காலம் வாயே திறக்காதவர்களைப் பார்க்க ஆசைப்படுவது நியாயம்தான். கிளினிக்குக்கு மேலே ஒரு கூடம் பிடித்துத் திரைப்பட மன்றம் நடத்தினார். அந்தப் பியானோவை வாங்கியவரும் அவர்தான். சனிக்கிழமை சாயங்காலம் காட்சி. படம் வந்துவிட்டது, பியானோ இருக்கிறது, வாசிக்கத்தான் ஆளில்லை. ஜோடி கையைப் பிசைந்துகொண்டு தன் மனைவியின் பெயரைச் சொன்னார். டாக்டர் அவர்கள் வீட்டுக்கே வந்தார்.

"அக்கா, சனிக்கிழமை நீங்கதான் காப்பாத்தணும். மன்றத்துப் பியானோவில..."

"யாரு பியானோ டாக்டர்?"

ஜோடி நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாள் கழித்து அந்தக் குரல்! அவருக்காக வந்த குரல் இல்லைதான், ஆனாலும் ஒரே அறையில்தானே கேட்டது.

டாக்டர் திருத்திக்கொண்டார். "உங்க பியானோ அக்கா."

"வர்றேன். கதை என்ன?"

"பணக்காரப் பொண்ணு, மாலுமி. உருக்கிடும். முடிவு..." டாக்டர் ஜோடியைப் பார்த்தார்.

"சுபம்" என்றார் ஜோடி.

"டாக்டர், நான் உங்ககிட்டதான் கேட்டேன்னு பக்கத்துல இருக்கிறவர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள் அவள்.

சனிக்கிழமை கூடத்தில் நாற்பது பேர். பாதிப்பேர் டாக்டரிடம் பல் கட்டிக்கொண்டவர்கள், தவணை பாக்கி இருக்கிறவர்கள். வராமல் இருக்க முடியாது. விளக்கு அணைந்தது. ஜோடி பின்வரிசையில் பியானோவுக்கு நேராக உட்கார்ந்தார்.

முதல் நாலு சுருளும் வெண்ணெயாக ஓடின. மாலுமி மீசையை முறுக்கினால் பியானோ கூடவே முறுக்கியது. அந்தப் பெண் மாடத்தில் நின்று கைக்குட்டையை வீசியபோது மெட்டு அப்படியே காற்றில் மிதந்து போனது. ஜோடி திரையைப் பார்க்கவே இல்லை. இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்திய கைகளை முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சரக்குக்குள் இருக்கிற சரக்கைக் கண்டுபிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்த மனுஷனுக்கு, கழுத்து வரை வெட்கம் ஏறியது.

நாலாம் சுருள் கடைசியில் கதாநாயகி பாறையிலிருந்து கடலில் குதித்தாள்.

ஐந்தாம் சுருள் முதலில் காய்ந்த தலையோடு தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து மீசையில்லாத ஒருத்தன் உள்ளே வந்தான். அவள் ஓடிப்போய் அவன் மார்பில் சாய்ந்தாள்.

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு. "யாரு இவன்?" என்றது ஒரு கட்டைக் குரல். "அவ செத்துட்டால்ல?" என்றது இன்னொன்று. பியானோ நின்றது. வாசித்தவள் திரையைப் பார்த்தாள். பிறகு இருட்டில் எங்கே இருப்பார் என்று தெரிந்த மாதிரி, நேராகப் பின்வரிசையைப் பார்த்தாள். ஆறு கோப்பை செட்டுகளோடு வாழ்ந்தவளுக்கு விளங்க எத்தனை நேரம் ஆகும்? ஜோடி நாற்காலிக்குள் ஒடுங்கினார். இப்போது அவள் எழுந்து போனால் வீட்டுக்குப் போகமாட்டாள், நேரே தம்பி வீடுதான்.

அவள் எழுந்திருக்கவில்லை. மாலுமிக்கு வாசித்த அதே மெட்டை எடுத்தாள். ஆனால் முறுக்கெல்லாம் போய், மெதுவாக, ஒரு கையால் மட்டும். கேட்ட மாத்திரத்தில் கூடம் புரிந்துகொண்டது: அவனேதான் இவன். அவள் கடலில் விழுந்த துக்கத்தில் மீசையை எடுத்துவிட்டான். அலை அவளைக் கரை சேர்த்திருக்கிறது. அவள் பழசை மறந்துவிட்டாள். அவன் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். எந்த அட்டையிலும் இதெல்லாம் இல்லை. கட்டைக் குரல்காரர் மூக்கை உறிஞ்சினார். ஏழாம் சுருளில் கல்யாணம் நடந்தபோது, தவணை பாக்கிக்காரர்கள் வரிசையாகக் கண்ணைத் துடைத்தார்கள்.

விளக்கு வந்ததும் டாக்டர் ஜோடியின் கையைப் பிடித்து ஆட்டினார். "அண்ணே! என்ன டைரக்டர்! ஒரு மீசைய எடுத்தே மொத்த சோகத்தையும் சொல்லிட்டான் பாருங்க! எந்தக் காலத்துலயே!"

அவள் பியானோ மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சும்மா இருந்தால் ஏழாயிரம் பத்திரம். ஜோடிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"டைரக்டர் இல்ல டாக்டர். அவதான். இது ரெண்டு படம். நான் பக்கத்துல வச்சேன். சேத்தது அவ."

"ரெண்டு படமா?" டாக்டர் முகம் தொங்கிவிட்டது. "நான் அழுதேனேய்யா!"

"ரெண்டுக்கும் சேத்து அழுதுட்டீங்க டாக்டர்" என்று ஆபரேட்டர் சுருளைச் சுற்றியபடியே ஆறுதல் சொன்னார்.

"ஏழாயிரத்தையும் திருப்பித் தர்றேன்" என்றார் ஜோடி. "பியானோவ மட்டும் குடுத்துடுங்க. நீங்க குடுத்த பதினெட்டும் தர்றேன். மேல அஞ்சு தர்றேன்."

ஏமாந்த கோபத்தில் டாக்டருக்கும் வியாபாரம் வந்துவிட்டது. "மேல பத்து."

"சரி, பத்து."

மூடியைத் துடைத்த கை நின்றது. முப்பது வருஷம் கடைவீதியில் ஒரு பைசா விட்டுக்கொடுக்காத மனுஷன் ஒரே சொல்லில் பத்தாயிரத்தைத் தூக்கிப் போடுவதை அவளால் தாங்க முடியவில்லை.

"ஏங்க, உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? கொஞ்சம் வாய மூடிட்டு இருங்க!"

ஜோடி மூடினார். அவ்வளவு இனிமையாக அவரை யாரும் திட்டியதில்லை.

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "டாக்டர், பியானோவில ரெண்டு கட்டை சத்தமே வர்றதில்ல, தெரியுமா? இன்னிக்கு முழுக்க அத ஒதுக்கி ஒதுக்கித்தான் வாசிச்சேன். அடுத்த படத்துக்கு யாரு வந்து ஒதுக்குவா?"

"அக்கா, அது வந்து..."

"மேல காசு கிடையாது. பதினெட்டுக்கு வாங்கினீங்க, பதினெட்டு வாங்கிக்கங்க. படத்த எடைக்கு வாங்கினாரு, எடைக்கே நீங்க வச்சுக்கங்க. மாசம் ஒரு படம் வாசிச்சுத் தர்றேன். அன்னிக்கு பியானோவத் தூக்கிட்டு வர்ற கூலியும் திருப்பி வைக்கிற கூலியும் உங்களுது."

"கூலியில பாதி..."

"பல்லு புடுங்கும்போது பாதியில நிறுத்துவீங்களா?"

டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஞாயிறு காலை தம்பி வந்தான். பெட்டி இரண்டும் வாசலில் தயாராகத்தான் இருந்தன. அவற்றை ஓரமாக நகர்த்திவிட்டு, கூலியாட்கள் நாலு பேரோடு பியானோவின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். "அக்கா, நான் உன்னக் கூட்டிட்டுப் போக வந்தேன், பேயே தூக்க முடியாததத் தூக்க இல்ல" என்று முனகிக்கொண்டே தூக்கினான். கூடத்தில் இறக்கிவிட்டு, "அத்தான், அடுத்து எதையாவது விக்கிறதா இருந்தா லேசான பொருளா பாருங்க" என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டுத் தனியாகப் போனான்.

அவள் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு கடை அட்டையை அவரிடம் நீட்டினாள். "பின்னாடி எழுதுங்க. நான் சொல்றேன்."

அவர் பேனாவை எடுத்தார்.

"பியானோ, பதினெட்டுக்குப் போச்சு, பதினெட்டுக்கு வந்துச்சு. நேர். படம், எண்ணூத்தி நாப்பதுக்கு வந்துச்சு, எண்ணூத்தி நாப்பதுக்குப் போச்சு. நேர். இன்னிக்கு ஆள் கூலி ஆயிரத்தி இருநூறு, உங்க தலையில. எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன். அவ்வளவுதானே?"

"என்னைக் கேக்காம வித்தது."

"அதுக்கு எவ்வளவுன்னு போட?"

அவள் பியானோ மூடியைத் திறந்தாள். "தொகை போடாதீங்க. நிலுவைன்னு மட்டும் போடுங்க."

போட்டார்.