திரைக்கு முன்னால் ஒரு நாற்காலி

டாக்டர் சொன்னதை மார்லிஸ் முதலில் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். தொண்டையில் வளர்ந்திருக்கிற சதையை வெட்டி எடுத்தபின் ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாதாம். அதற்கப்புறமும் சாதாரணப் பேச்சோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், நாலு மணி நேரம் பூதம் மாதிரியும் கிழவி மாதிரியும் குரலை மாற்றி மாற்றிக் கத்துவதெல்லாம் இந்த ஜென்மத்தில் இனி கிடையாது என்றார். விஸ்கான்சினில் ஜனவரிக் குளிர் எலும்பைத் தின்னும். ஆனால் காருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தவளுக்குக் குளிர் உறைக்கவே இல்லை. சனிக்கிழமையை என்ன செய்வது என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பதினோரு வருடமாக, சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். மூன்று பேர் ஆளுக்கொரு வேடம் கட்டிக்கொண்டு ஒரு கற்பனை தேசத்தில் அலைவார்கள். மேசையின் தலைமாட்டில் மடிப்பு மடிப்பாக ஓர் அட்டைத் திரை நிற்கும். அதற்குப் பின்னால் இருந்து கதையை நடத்துகிறவர்தான் கேம் மாஸ்டர், பதினோரு வருடமும் அது மார்லிஸ்தான். அரசனும் அவரே, அரக்கனும் அவரே, பெய்கிற மழையும் அவரே. திரைக்குப் பின்னால் அவர் உருட்டுகிற பகடையை வேறு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, அது ஒரு மரியாதை. அந்த நாற்காலி காலியானால் மற்ற மூன்று பேரும் வெறுமனே பாலாடைக்கட்டி தின்கிற மூன்று பேர்தான். கலைந்துபோக ஒரு மாதம்கூட ஆகாது. தனியாக வாழ்கிற தன்னை ஒரு சனிக்கிழமையாவது தேடுகிறவர்கள் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள் என்று மார்லிஸ் யோசித்துப் பார்த்தாள். ஒருவர் பெயரும் வரவில்லை. கார் கண்ணாடியில் பனி மூடும்வரை அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்ததும் ஆள் தேடக் கிளம்பிவிட்டாள், அவள் அப்படித்தான்.

முதலில் கர்ட்டைக் கேட்டாள். எலக்ட்ரீஷியன், எந்தக் கதவைக் கண்டாலும் உதைத்துத் திறக்கிற வேடக்காரன்.

"நான் வெட்றதுக்கு வரேன் மார்லிஸ். வெட்டு வாங்கறவனுக்கெல்லாம் பேரு வைக்கிற பொறுமை எனக்கில்ல" என்றான்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மாய் யெரைக் கேட்டாள். "ரெண்டு பிள்ளைங்களுக்குக் கதை சொல்லியே வாய் வலிக்குது எனக்கு. இங்க வர்றதே யாராவது எனக்குச் சொல்ல மாட்டாங்களான்னுதான்" என்றாள் அவள். அதுவும் நியாயம்தானே.

விளையாட்டுச் சாமான் கடையின் பலகையில் 'கேம் மாஸ்டர் தேவை' என்று சீட்டு ஒட்டப் போனாள். அங்கே ஏற்கெனவே ஏழு சீட்டு, ஏழும் அதே வாசகம். நான் நடத்துகிறேன் என்று ஒரு சீட்டுகூட இல்லை. ஊரே இலை போட்டு உட்கார்ந்திருக்கிறது, பரிமாறத்தான் ஆள் இல்லை. அவள் சீட்டைப் பார்த்து ஒரே ஒருவர் வந்தார். வந்த அன்று இரண்டு மணி நேரம் அவரே பேசினார். "அடுத்த வாரமும் இவரா? நான் பல்லாஸ்பத்திரிக்குப் போறேன்" என்று மாய் யெர் மார்லிஸின் காதைக் கடித்தாள்.

மிச்சம் இருந்தது தபால்காரன் ஆர்டன். ஐம்பதை நெருங்குகிறவன், விவாகரத்தானவன், பேசினால் காசு கொடுக்க வேண்டுமோ என்பதுபோல் இருப்பான். அவனை யாரும் அந்த நாற்காலியில் நினைத்துப் பார்த்ததில்லை. ஆனால் மார்லிஸ் ஒன்றைக் கவனித்திருந்தாள். அடுத்தவர் பேசும்போது தன் பகடையைக் கீழே வைக்கிற ஒரே ஆள் அவன்தான். நாலு வருடத்துக்கு முன் கதையில் வந்துபோன குயவன் மகளின் பெயரை அவளே மறந்துவிட்டாள், அவன் மறக்கவில்லை. போன வாரம்கூடக் கேட்டான், "அந்தப் பொண்ணுக்குக் கை சரியாயிடுச்சா?"

"நானா? வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?" என்றான் ஆர்டன்.

"கிடைக்கலைதான். ஆனா அதுக்காகக் கேக்கல."

அரைமனதாகச் சம்மதித்தவனுக்கு உதவுகிறேன் பேர்வழி என்று அவள் செய்த காரியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. பதினோரு வருடக் குறிப்புகள், நாலு தடித்த கோப்புகள், அரச வம்சங்கள், ஆற்றுப் படங்கள் எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டினாள். பத்தே நாளில் தபால் பையில் சுமந்துகொண்டு வந்து அவள் வாசலில் நின்றான்.

"என்னை விட்டுரு மார்லிஸ். மூணாவது ராஜாவோட மச்சினன் பேரு நேத்து கனவுல வந்துச்சு. என்னால ஆகாது."

அவளுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு கொடுத்தும் வேண்டாம் என்கிறானே என்ற கோபம். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். பிறகு சமையலறை மேசையில் கோப்புகளைப் பரப்பி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பாதி ஊர்களுக்கு யாரும் போனதே இல்லை. இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற அந்தப் பாட்டுப் பாடும் ஆடு எந்தப் பக்கத்திலும் இல்லை. அது ஒரு சனிக்கிழமை மாய் யெர் ஏதோ கேட்க, இவள் ஏதோ உளற, தானாக வந்தது. தனக்கே வேண்டியிராத சுமையை அந்த மனுஷன் முதுகில் ஏற்றிவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஆர்டன் கடிதம் போட வரும் நேரம் பார்த்து, தன் தபால்பெட்டிக்குள் ஒரு அட்டையை வைத்தாள். மேலே அவன் பெயர். 'உனக்குத் தெரிந்த மாதிரி ஓர் ஊர். அங்கே ஒருத்தருக்கு ஏதோ வேண்டும். ஏதோ ஒன்று தடுக்கிறது. மீதி தெரியாவிட்டால் எங்களைக் கேள். இவ்வளவுதான் தேவை. நாலு கோப்பு என் தப்பு.'

பெட்டிக்குள் கையை விட்டவன் அட்டையைப் படித்தான். ஜன்னலில் நின்ற அவளைப் பார்த்தான். "ஒரு தடவை. ஒரே ஒரு தடவைதான்" என்று தெருவிலிருந்தே சொல்லிவிட்டு நடந்தான்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாவது சனிக்கிழமை மார்லிஸ் கழுத்தில் மப்ளரும் கையில் சின்னச் சிலேட்டுமாக வந்தாள். பழக்கத்தில் தலைமாட்டுக்குப் போய், சட்டென்று திரும்பி, மேசையின் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் திரையின் முன்பக்கத்தில் ஒரு படம். மலை, மலைமேல் ஒரு விளக்கு, அதை நோக்கி நடக்கிற சின்னச் சின்ன ஆட்கள். பதினோரு வருடமாக அவள் பார்த்ததெல்லாம் எண்களும் அட்டவணையும் அச்சடித்த பின்பக்கத்தைத்தான். இந்தப் பக்கம் இவ்வளவு அழகு என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆர்டன் தொடங்கினான். ஒரு பெரிய ஆறு. படகுக்காரன் ஒருத்தன் வடகரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். உங்களை ஏற்றிக்கொண்டு போக யோசிக்கிறான். நடுங்குகிற குரலில் அவ்வளவுதான் சொல்லியிருப்பான்.

"இவன் என்ன யோசிக்கிறது? நான் ஆத்துல குதிச்சு நீந்தறேன்" என்றான் கர்ட்.

ஆர்டனின் வாய் திறந்தபடி நின்றது. படகுப் பயணம் ஒன்றைத்தான் தயார் செய்து வைத்திருந்தான். முகம் சிவந்தது, காதும் சிவந்தது. காபி பாத்திரம் மூலையில் களகளத்தது. கர்ட்டும் மாய் யெரும் மார்லிஸைப் பார்த்தார்கள். திரைக்கு மேலாக ஆர்டனும் அவளைத்தான் பார்த்தான்.

அவளுக்கா பதில் தெரியாது? தொண்டை வரை பத்துப் பதில்கள் முட்டிக்கொண்டு நின்றன. 'ஆற்றில் ஐஸ் மிதக்கிறது என்று சொல்' என்று எழுதினாள். காட்டப் போனவள் நிறுத்தினாள். இதைக் காட்டினால் அடுத்த சனிக்கிழமையும் இவன் தன் முகத்தைத்தான் பார்ப்பான். சட்டைக் கையால் அழித்தாள். வேறொன்று எழுதி மாய் யெர் பக்கம் நகர்த்தினாள்.

மாய் யெர் உரக்கப் படித்தாள். "மார்லிஸோட ஆளு கரையிலயே நிக்கிறா. படகுக்காரர்கிட்ட கேக்கறா. 'ஐயா, நீங்க ஏன் அந்தக் கரைப் பக்கமே திரும்ப மாட்டேங்கறீங்க?'"

தான் அப்படிச் சொன்னதே ஆர்டனுக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். கர்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான், மாய் யெர் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள். ஆர்டன் நிமிர்ந்தபோது அவன் குரல் நடுங்கவில்லை. அது அவன் குரலாகவே இல்லை.

"அந்தக் கரையில எனக்கு ஒரு கடுதாசி வந்து கிடக்கு. ஒம்பது வருஷமாச்சு. தினம் இவ்வளவு பேரை அக்கரை கொண்டுபோய் விடறேன். நான் மட்டும் எறங்கினதில்ல."

கர்ட் தன் பகடையைக் கீழே வைத்தான்.

"நான் நீந்தித் திரும்பி வரேன். படகுலயே போலாம், அவரோட" என்றான்.

"ஈரத்தோட ஏறாதீங்க, படகு கனக்கும்" என்றான் படகுக்காரன். மாய் யெர் சிரித்துவிட்டாள்.

திரைக்குப் பின்னால் ஆர்டன் ஒரு பகடையை உருட்டினான். அது உருண்டு நிற்கும் சத்தம் கேட்டது. அவன் குனிந்து பார்த்தான், லேசாகச் சிரித்தான். என்ன விழுந்தது என்று மார்லிஸுக்குத் தெரியாது. கடிதம் யாருடையது என்றும் தெரியாது. பதினோரு வருடத்தில் முதல்முறையாக, இந்த மேசையில் அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. மற்றவர்களோடு சேர்ந்து முழங்கையை மேசையில் ஊன்றி முன்னால் சாய்ந்தாள். சிலேட்டில் பெரிதாக 'அப்புறம்?' என்று எழுதி, மலைமேல் விளக்கு எரிகிற அந்தப் படத்துக்கு நேராக இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள்.