வெள்ளக்காட்டுப் பேரம்

எங்கள் வெள்ளக்காட்டின் விலை வீட்டுக்கு மாதம் ஆயிரத்து எழுநூறு ரியல். காலையில் தின்னும் மீன்குழம்பு நூடுல்ஸே கிண்ணம் நாலாயிரம் விற்கிறது. அதிலும் மேலே போடும் வாழைப்பூவை மருந்து மாதிரி கிள்ளித்தான் போடுகிறாள் கடைக்காரி. அந்த விலையை வெளியாள் யாரும் வைக்கவில்லை. நாங்களே பேசி, அடித்து, குறைத்து முடித்தது. முடித்துக் கொடுத்தவள் நான்.

என் பெயர் கிம் ஹுவோர். தொன்லே சாப் ஏரிக்கரையில் ப்ரேக் ரோவா படித்துறையில் இருபத்தாறு வருஷமாக மீன் வாங்கி விற்கிறேன். அப்பாவுக்குச் சந்தையில் துணிக்கடை, அம்மாவுக்குக் கருவாடு மொத்த வியாபாரம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் 'அம்மா' என்று சொல்லும் முன்பே 'கட்டாது' என்று சொல்லப் பழகியவர்கள். முதலில் விலை சொல்பவன் தோற்றவன் என்பதை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அது சோற்றோடு உள்ளே போனது.

காடு ஊருக்குப் பின்னால் இருந்தது. நூற்றெண்பது ஹெக்டேர். ஆறு மாதம் தரையில் நிற்கும், ஆறு மாதம் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும். ஏரி பெருகும்போது மீன் அந்தக் கிளைகளுக்குள் நுழைந்துதான் குஞ்சு வளர்க்கும். நீர் வடியும்போது கொழுத்து வெளியே வரும். எங்களில் ஒருவருக்கும் வயல் கிடையாது. மீன் இருந்தால் அரிசி உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

காட்டைக் காவல் காத்தவன் சாரின், என் தங்கை புருஷன். சம்பளம் கிடையாது. ஊர் மீன்குழு கொடுத்த பழைய படகு ஒன்று, தொப்பி ஒன்று. தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிப்பவர்களைத் துரத்துவான். விறகு வெட்ட வருகிறவனிடம் முதலில் புகையிலை கேட்பான், பிறகு கோடரியைக் கேட்பான். காட்டுக்குள் எந்த மரத்தடியில் எந்த மீன் முட்டையிடும் என்று அவனுக்குத் தெரியும். அதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பது என் தங்கையின் புகார்.

ஒரு மே மாதம், ஏரி திரும்பிப் பெருகுவதற்கு முன்னால், தலைநகரிலிருந்து ஒரு பெண் வந்தாள். வன்னாரி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. கூடவே நாலு மாணவர்கள், கையில் கேள்வித்தாளும் பலகை மாதிரி கணினியும். காடு எங்களுக்கு என்னவெல்லாம் செய்கிறது என்று கேட்டு எழுத வந்தார்கள். மீன் தருவது ஒரு சேவையாம். புயலில் அலையைத் தடுப்பது ஒரு சேவையாம். தண்ணீரைத் தெளிய வைப்பது இன்னொன்றாம்.

"அப்போ காடு நமக்கு வேலைக்காரனா?" என்று ஊர்த்தலைவர் யோன் கேட்டார்.

"முதலாளி மாதிரி, பெரியப்பா. சம்பளம் வாங்காத முதலாளி" என்றாள் அவள். நல்ல பெண். பதில் சொல்லத் தெரிந்தவள்.

வினை வந்தது ஒரு சொல்லில். எங்கள் பேச்சில் மதிப்புக்கும் விலைக்கும் ஒரே சொல்தான்: தம்லை. ஒரு மனுஷனின் தம்லையும் அதுதான், ஒரு கிலோ விராலின் தம்லையும் அதுதான். அவள் தாளில் 'இந்தக் காட்டின் தம்லை உங்களுக்கு எவ்வளவு?' என்று இருந்தது. அவள் மதிப்பைக் கேட்டாள். எங்கள் காதில் விலை விழுந்தது.

கேட்ட விதமும் அப்படி. "காட்டைப் பாதுகாக்க மாசம் இருபதாயிரம் ரியல் உங்க வீட்டிலேர்ந்து குடுப்பீங்களா?" மாட்டோம் என்றால், "பத்தாயிரம்?" அதற்கும் மாட்டோம் என்றால், "அஞ்சு?"

முதல் நாள் மாலை பாதி ஊர் என் தராசைச் சுற்றி நின்றது.

"அக்கா, புது வரி போடப் போறாங்க போல" என்றாள் வலை பின்னும் தீடா.

"நெஜமா வாங்க மாட்டோம், சும்மா ஒரு பேச்சுக்குத்தான்னு அந்தப் பொண்ணு சொல்லுதே" என்றார் யோன்.

"போன தடவை கொசுவலைக்கும் சும்மாதான் கேட்டாங்க. வசூலிக்க வந்தவன் சும்மாவா வந்தான்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு பிடிக்கும். கூட்டம் சிரித்தால் வாய் நிற்காது. "இங்க பாருங்க. அந்தப் பொண்ணு கேட்காமலே பாதி இறக்குது. அதுக்கு யாவாரமே தெரியல, பாவம். இருபதுன்னா மூஞ்சியைச் சுளிங்க. பத்துன்னா புள்ளைங்க இருமலைப் பத்திப் பேசுங்க. அஞ்சுன்னா எழுந்து அடுப்பைப் பாக்கப் போங்க. அது தாளை மூடுற வரைக்கும் ஆமான்னு சொல்லாதீங்க."

"எவ்ளோ மீன் பிடிக்கிறீங்கன்னும் கேக்குறாங்களே?"

"கொழம்புக்கு ஆகும்னு சொல்லு. வரிக்காரன்கிட்ட வலையைத் தூக்கிக் காட்டுவியா?"

சாரின் மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, நான் உள்ளதைச் சொல்லிடறேன். அந்தக் காட்டுக்குன்னா படகை வித்துக்கூடக் குடுப்பேன்."

"சொல்லுடா, தாராளமாச் சொல்லு. ஒருத்தன் கேட்ட விலையைக் குடுத்தா மத்தவங்க எல்லாம் அதே விலை குடுக்கணும். சந்தையைக் கெடுக்காதே. உன் பொண்டாட்டி எந்தக் காசுல அரிசி வாங்குறான்னு யோசி."

அவன் தொப்பியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மறுநாள் ஆயிரம் என்று சொன்னான். எழுதிக்கொண்ட மாணவன் நம்பாமல் அவனை இரண்டு தடவை கேட்டானாம்.

நான் ஐந்நூறில் முடித்தேன். வன்னாரியே என் வீட்டுக்கு வந்திருந்தாள். இருபதிலிருந்து இறங்கி இறங்கி, ஐந்நூறு என்றபோது நான் பெருமூச்சு விட்டு, "சரி, உன் மொகத்துக்காக" என்றேன்.

"சின்னம்மா, காடு உங்களுக்கு அவ்வளவுதானா?"

"ஏழைக்கு அதுவே சாஸ்திம்மா" என்றேன். அவள் போனதும் தங்கையிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஊரிலேயே குறைந்த விலை என்னுடையது.

ஒன்றரை வருஷம் கழித்து, டிசம்பரில், வட்டார அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். ஒரு கம்பெனி எங்கள் காட்டை வெட்டி, சுற்றி மண்கரை எழுப்பி, உள்ளே நீரைத் தேக்கி, கோடையில் நெல் போட விண்ணப்பித்திருந்தது. மாகாணத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். வெள்ளைப் பலகையில் இரண்டு வரி எழுதினார்.

நெல்: ஆண்டுக்கு நாற்பத்தெட்டுக் கோடியே அறுபது லட்சம் ரியல்.

காடு: வீட்டுக்குச் சராசரி ஆயிரத்து எழுநூறு, இருநூற்றுப் பதினான்கு வீடு, பன்னிரண்டு மாதம். நாற்பத்து மூன்று லட்சத்து அறுபத்தையாயிரத்து அறுநூறு.

"மீன் எங்கய்யா?" என்று கேட்டேன்.

தாளைப் புரட்டினார். "மீன் வீட்டு உபயோகம்னு போட்டிருக்கு. கொழம்புக்கு ஆகும்னு எல்லாருமே சொல்லியிருக்கீங்க."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். நான் எழுந்தேன். விற்க முடியாத சரக்கே இல்லை என்று பெயர் எடுத்தவள்.

"ஐயா, அது நாங்க பேரம் பேசினது."

"பேரமா?"

"வரின்னு நெனச்சோம். அதான் அடிச்சுப் பேசினோம். நெசமான விலை அது இல்ல."

"அப்போ ஆராய்ச்சிக்குப் பொய் சொன்னீங்களா, அம்மா?"

"பொய் இல்லய்யா. யாராவது விலை கேட்டா இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வோம்."

"சரி, நெசமான விலை என்ன?"

"வீட்டுக்கு அம்பதாயிரம்" என்றேன். அவர் முகம் அசையவில்லை. "எழுபதாயிரம். மாசா மாசம்."

"எதிரே இருக்கிற தொகையைப் பார்த்தப்புறம் சொல்ற விலையை நான் எப்படி எடுத்துக்க முடியும்? நீங்களே ஒரு வியாபாரி. நீங்க எடுத்துப்பீங்களா?"

எடுத்துக்கொள்ள மாட்டேன். பேரம் பேச எதிராளி வேண்டும். கோபித்துக்கொண்டு நாலடி நடந்தால் பின்னாலிருந்து கூப்பிட ஒருவன் வேண்டும். அவர் எதையும் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. கூட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

வன்னாரியையும் வரவழைத்திருந்தார்கள். அவள் எழுந்து, இந்தத் தொகையை இப்படி ஒப்பிடக் கூடாது, வரிப் பயத்தில் மக்கள் குறைத்துச் சொல்லியிருக்கலாம் என்று அறிக்கையின் அறுபத்தோராம் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன் என்றாள்.

"எனக்கு வந்தது ரெண்டு பக்கச் சுருக்கம், அம்மா" என்றார் அதிகாரி, வருத்தமாகவே.

வெளியே நூடுல்ஸ் கடையில் அவளை உட்கார வைத்தேன். சாரினும் வந்தான். அவள் சாப்பிடவில்லை.

"அந்தத் தொகையை மாத்தி எழுத முடியாதா, பொண்ணே? ஒரு பூஜ்யம் சேத்துப் போடு. ரெண்டே போடு, யாரு எண்ணப் போறா?"

"நீங்க சொன்னதை நான் மாத்தினா, நாளைக்கு நான் சொல்ற எதையுமே யாரும் நம்ப மாட்டாங்க, சின்னம்மா. திரும்ப வந்து கேக்கலாம்னு பணம் கேட்டு எழுதினேன். அடுத்த வருஷம் பாக்கலாம்னு பதில் வந்திருக்கு."

"அடுத்த வருஷம் அங்க கேக்குறதுக்கு என்ன இருக்கும்?" என்றான் சாரின்.

"நான் கேள்வியைத் தப்பாக் கேட்டுட்டேன்" என்றாள்.

"நீ கேட்டது சரிதாம்மா. பதில்தான் எங்க ஊர்ப் பதில்" என்றேன். சாரின் என்னைப் பார்த்துத் திட்டியிருக்கலாம். வன்னாரியின் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, ஆறிப்போனதைச் சாப்பிட்டு முடித்தான். கடைக்காரியிடம் நான் விலை கேட்காமல் காசு கொடுத்தேன். மீதியையும் அவள் கையிலேயே திணித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரியில் மண்வாரி எந்திரங்கள் வந்தன. மனு எழுதினோம்; கைநாட்டுகளை நானே எண்ணி உறையில் போட்டேன். பதில் வரவில்லை. புத்தபிக்குகளை அழைத்துப் பெரிய மரங்களுக்குக் காவித்துணி கட்டினோம். துணியைப் பத்திரமாக அவிழ்த்து, மடித்து, மடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் வெட்டினார்கள். மரியாதை தெரிந்தவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

ஜூலையில் ஏரி பெருகிக் கரையை முட்டி நின்றது. சாரின் என்னைப் படகில் கூட்டிப்போனான். கரையோரமாகச் சின்ன மீன்கள், நாங்கள் ரியல் என்று சொல்லும் வெள்ளி மீன்கள், மூக்கை மண்ணில் உரசியபடி போய்க்கொண்டே இருந்தன. மூலைவரை போய், திரும்பி, மறுபடி வந்தன.

"வழி தேடுதுங்க" என்றான்.

"மதகைத் தொறந்தா?"

"மதகுல கம்பிவலை போட்டிருக்காங்க, அக்கா. மீன் உள்ள போனா நாத்தைக் கெடுக்குமாம்." துடுப்பை எடுத்துப் படகுக்குள் வைத்தான். பிறகு, "மதகுக் காவலுக்கு ஆள் கேக்குறாங்க. மாசம் நாலு லட்சம்" என்றான்.

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? வர்றேன்னுட்டேன்."

பேசிப் பார்த்தாயா, ஐந்து லட்சமாவது கேட்டிருக்கலாமே என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

ஜனவரியில் வழக்கம்போல மேட்டுநிலத்துக்காரர்கள் மாட்டுவண்டியில் நெல்லோடு வந்தார்கள். வருஷத்துக்கு வேண்டிய மீனை இந்த மாதத்தில்தான் எங்களிடம் மாற்றிக்கொண்டு போய்க் கருவாட்டுக் கூழாக ஊறப்போடுவார்கள்: மூட்டை நெல்லுக்கு முப்பது கிலோ மீன். இருந்த மீன் முதல் நாளே மாறித் தீர்ந்தது; மேற்கொண்டு வருமென்று மூன்று நாள் துறையிலேயே சமைத்துத் தின்று காத்திருந்தார்கள்.

"தராசு ரிப்பேரா, தங்கச்சி?" என்றார் அவர்களில் மூத்தவரான லொன்.

"தராசு நல்லாத்தான் இருக்கு, அண்ணே. தட்டுல வைக்கத்தான் ஒண்ணும் இல்ல."

"சரி, விலையை ஏத்து. மூட்டைக்கு இருபது கிலோன்னே வெச்சுக்கோ. நாங்க வேற எங்க போறது?"

வன்னாரிக்குப் பிறகு இப்போதுதான் எதிராளி தானாக இறங்கி வந்தான். கொடுக்க என்னிடம் சரக்கு இல்லை. பழைய விலையே இருக்கட்டும் என்றேன். நாலாம் நாள் காலை மாடுகளைப் பூட்டினார்கள். எங்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலே கொஞ்சம் நெல்லைக் கடனாக இறக்கிவிட்டுப் போனார்கள்.

வந்த வண்டி பதினெட்டு. நெல் முந்நூற்று அறுபது மூட்டை. மீனுக்கு மாறியது எழுபத்தொன்று. திரும்பிப் போனது இருநூற்று ஐம்பத்தொன்பது. கடனாக இறங்கியது முப்பது மூட்டை. அதற்குத் தர வேண்டிய மீன் தொள்ளாயிரம் கிலோ. இன்றுவரை சேர்ந்தது நூற்றுப் பத்து. பாக்கி எழுநூற்றுத் தொண்ணூறு.