கருவி காட்டிய இரண்டு பேர்

ஏறும்போதே காலடியில் ஒருமுறை 'தொம்' என்றது. பனி முழுவதும் ஒரு விரல் கீழே இறங்கியது போலிருந்தது.

"கேட்டீங்களா? உள்ள ஏதோ அடுக்கு உடைஞ்சு உட்காருது. திரும்பிடலாம்," என்றேன்.

"அது உங்க வயிறு அண்ணி. காலையில சரியாச் சாப்பிடல," என்றான் லூயிஸ், என் கணவர் கீடியின் தம்பி. கீடி சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். ஆஸ்திரியாவின் டிரோல் மலைகளுக்கான காலைப் பனிச்சரிவு அறிக்கையில் ஆபத்து ஐந்தில் இரண்டாம் படிதான். ஆனால் முகட்டையொட்டிக் காற்று சேர்த்த பனியை நம்பாதீர்கள் என்றும் அதிலேயே இருந்தது. எதை எடுத்துக்கொள்வது?

உச்சியிலிருந்து முதலில் லூயிஸ் பனிச்சறுக்குப் பலகையில் சறுக்கி இறங்கினான். பிறகு நான். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதாகக் கீடி எங்கள் தடத்துக்குச் சற்றே இடப்பக்கம் வந்தார். அவருக்கு மேலே பனியில் ஒரு விரிசல் கோடு விழுந்தது. சரிவு பாளம் பாளமாகப் பெயர்ந்து எங்களைத் தாண்டிப் போனது. சத்தம் அடங்கியபோது அவரைக் காணவில்லை.

மூவரும் மார்பில் ஆளுக்கொரு தேடுகருவி கட்டியிருந்தோம்; அது எப்போதும் குறி அனுப்பும், யாராவது புதைந்தால் மற்றவர்கள் தங்களுடையதைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். என்னுடையதை மாற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். திரையில் 'இரண்டு பேர்' என்று வந்தது.

"லூயிஸ், ரெண்டு பேர்னு காட்டுது. கீழ வேற யாராவது இருந்தாங்களா?"

"யாரையும் பாக்கலையே. என்னோடது ஒண்ணுமே காட்டல அண்ணி."

பக்கத்தில் காட்டிய குறியைப் பின்தொடர்ந்தேன். தூரம் குறைந்தது, கூடியது, மறுபடி குறைந்தது. கடைசியில் லூயிஸுக்கு முன்னால் போய் நின்றேன்.

"நீ நிக்கிற இடத்துலதான் காட்டுது."

அவன் உடனே மண்வெட்டியால் தன் காலடியையே தோண்டத் தொடங்கினான். நானும் தோண்டினேன். எவ்வளவு நேரமோ தெரியாது. அவன் குனிந்தபோது மார்பில் தொங்கிய கருவி கண்ணில் பட்டது. அது தேடவில்லை, புதைந்தவனுடையதைப் போல இன்னும் குறி அனுப்பிக்கொண்டிருந்தது. நாங்கள் தேடிய அந்த இன்னொரு ஆள் அவன்தான்.

"அதை மாத்துடா."

மிச்சமிருந்த ஒரே குறி எங்களைக் கீழே ஓர் ஊசியிலை மரத்தருகே கொண்டுபோனது. நீளக் கம்பியைக் குத்தினேன், மெத்தென்று தட்டியது. தோண்டினோம். கீடியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. வாயிலிருந்த பனியை எடுத்ததும் இருமினார்.

"உச்சிக்குப் போயிட்டோமா?" என்றார். போய்விட்டோம் என்றேன். சற்று நேரத்தில் மறுபடி அதையே கேட்டார்.

ஹெலிகாப்டரில் வந்த மீட்புக்குழுக்காரரிடம், நாங்கள் இருவர் இறங்கியும் உடையாத சரிவு மூன்றாவது ஆளுக்கு ஏன் உடைந்தது என்று கேட்டேன்.

"அவர் போன இடத்துல பனி மெல்லிசா இருந்திருக்கும். அங்க அடி அடுக்கு சீக்கிரம் முறியும்," என்றவர், சற்று யோசித்து, "இல்ல, வேற காரணமும் இருக்கலாம்மா," என்றார்.

கீடி பிழைத்துக்கொண்டார். மருத்துவமனை நடைவழியில் லூயிஸ் ஆறிய காபியைக் கையில் வைத்திருந்தான்.

"அண்ணி, அந்தக் கருவியைத் தேடுற நிலைக்கு நான் அப்பவே மாத்தினேன். மாத்தின ஞாபகம் இருக்கு. இல்ல, மாத்தணும்னு நெனச்சதுதான் ஞாபகமா இருக்கா?"

அவன் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கீழே வைத்தேன்.