அரைச் சரிவு

திரையில் வரைகோடு மட்டமாகப் படுத்துக்கொண்டதும் அத்தானுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"போதும் சின்னு. சோதனையை இத்தோட முடி. நாளைக்குக் கிணத்தைத் திறந்துடலாம்."

சின்னு அவருடைய மனைவியின் தங்கை. எண்ணெய்க் கிணறுகளின் அழுத்தத்தை ஆராய்வது அவள் வேலை. அவர் அந்தக் களத்தின் மேலாளர். வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றை மூடினால் அடியில் அழுத்தம் ஏறும். அது ஏறுகிற விதத்தை வரைந்து பார்த்தால் எண்ணெய் எந்தப் பக்கங்களிலிருந்து வருகிறது என்று தெரியும். கோடு மட்டமாகப் படுத்தால் நாலா பக்கமிருந்தும் வருகிறது என்று பொருள். அத்தானுக்கு வேண்டியதும் அதுதான். இரு பக்கத்திலும் புதுக் கிணறுகள் தோண்டலாம் என்று தலைமை அலுவலகத்தில் அடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"கடைசிப் பகுதி இன்னும் வரல அத்தான். கொஞ்சம் பொறுங்க."

"படுத்துட்டான்ல? அவனை ஏன் எழுப்புற?"

அன்று பிற்பகல் களத்துக்கு வரும் ஒரே பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. களத்தில் தொட்டிகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன; எண்ணெயை ஏற்றிப்போக லாரி வர வழியில்லை. கிணற்றைத் திறந்தால் எண்ணெயை எங்கே விடுவது? அது மூடியபடியே கிடந்தது. அவர்களும்தான். அடியில் இருந்த கருவி மட்டும் விடாமல் அழுத்தத்தை அனுப்பிக்கொண்டிருந்தது.

அடுத்தடுத்த நாட்களில் கோடு தலைதூக்கியது. முதலில் சந்தேகமாக, பிறகு பிசகில்லாத அரைச் சரிவில், இரண்டு கட்டம் நகர்ந்தால் ஒரு கட்டம் ஏறுகிற கணக்கில். சின்னு வேறு வேறு விதமாகக் கணக்கிட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் அங்கேயே வந்து நின்றது.

"கருவி கோளாறா இருக்கும்," என்றார் அத்தான்.

"கூடவே இறக்கின மாத்துக் கருவியும் அதையேதான் சொல்லுது. ரெண்டு பக்கமும் அடைப்பு அத்தான். சந்து மாதிரி. நீளவாக்குல மட்டும்தான் எண்ணெய் வருது. நீங்க சொல்ற இடத்துல தோண்டினா ஒண்ணும் கிடைக்காது."

அவர் நெடுநேரம் திரையையே பார்த்தார். அவரும் இதைப் படித்தவர்தான்.

"படுத்த இடத்தோட வெட்டி அனுப்பிடு. அதுவரைக்கும் இருக்கறது பொய் இல்லையே?"

பொய் இல்லை. அதுதான் அவளை அறுத்தது.

அக்கா போனில் வந்தாள். "அவர் ஒழுங்கா சாப்பிடுறாரா? நீ கூட இருக்கேங்கற தைரியத்துலதான் நான் நிம்மதியா இருக்கேன்டி." பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அத்தானின் கட்டில் கிறீச்சிட்டது. சின்னு "ம்" மட்டும் கொட்டினாள்.

வெளியே போய் நடந்தாள். எந்தப் பக்கம் போனாலும் வேலி, வேலிக்கு அப்பால் செந்நிறத் தண்ணீர். கோபித்துக்கொண்டு போவதற்கும் ஓர் இடம் வேண்டுமே. திரும்பி அதே அறைக்குத்தான் வந்தாள்.

"தலைமை அலுவலகத்துக்கு முழுசா அனுப்பப்போறேன் அத்தான். உங்ககிட்ட சொல்லாம அனுப்ப மனசு வரல."

"அனுப்பினா இந்தக் களத்துல நான் இருக்க மாட்டேன். உன் அக்காவுக்கு நீயே பதில் சொல்லிக்கோ."

அனுப்பினாள். அதற்குப் பிறகும் சாலை திறக்கவில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அவர் உப்பை அவள் பக்கம் தள்ளுவார். முகத்தைப் பார்க்க மாட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட மூச்சு விட்டிருக்கலாம்.

தலைமை அலுவலகம் புதுக் கிணறுகளை நிறுத்தியது. அத்தானைத் திரும்பி வரச் சொன்னது. செய்தி கேட்டு அக்கா அழைத்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"அனுப்பாதேன்னுதான்," என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டாள்.

தற்காலிகப் பாலம் போட்டதும் இருவரையும் ஊருக்கு அழைத்துப்போக வந்தது ஒரே வண்டி. அத்தான் முன்னால் உட்கார்ந்தார், அவள் பின்னால். பாதி வழி தாண்டிய பிறகு, திரும்பாமலே கேட்டார்:

"கணக்குல எங்கேயும் தப்பு வரலையே? நல்லாப் பார்த்தியா?"

"நல்லாப் பார்த்தேன் அத்தான்."

அவர் தலையாட்டினார். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வீடு வர இன்னும் வெகுதூரம் இருந்தது.