அடியில் கிடந்த பெயர்

அப்பாவின் கட்டைவிரலைக் கைக்குட்டையால் துடைத்து, மறுபடியும் அவருடைய போனின் மேல் அழுத்திப் பார்த்தாள் மகள். விடிகாலையில் இறந்தவரின் விரலுக்குப் போன் மசியவில்லை.

“ஒண்ணு ரெண்டு மூணு நாலு போடு,” என்றாள் சுவரில் சாய்ந்திருந்த அம்மா. “மறந்துடுவார்னு நான்தான் வெச்சுக் கொடுத்தேன்.”

திறந்தது. அண்ணனின் நம்பர் வேண்டும். அப்பாவோடு சண்டை போட்டு வீட்டை விட்டுப் போனவன் பழைய நம்பரையும் மாற்றிவிட்டான். போன வருடம், மற்றவர்கள் வெளியே போயிருந்த ஒரு நாள் அவன் வந்து அப்பாவைப் பார்த்ததாக எதிர்வீட்டுக்காரி சொன்னாள். கேட்டதற்கு அப்பா, “வந்தான், போனான்,” என்றதோடு சரி. அவன் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டவர் அவர்.

ஆங்கிலத்தில் அண்ணன் பெயரை அடித்துத் தேடினாள். இல்லை. எழுத்தை மாற்றிப் போட்டாள். அப்போதும் இல்லை. பேசிய நம்பர்களைப் பார்க்கலாம் என்றால், அப்பா தினமும் அதைத் துடைத்துவிட்டுத்தான் படுப்பார். இல்லாவிட்டால் போன் கனமாகிவிடுமாம்.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். “சுடுகாட்டு வண்டி வந்து நிக்குது. இன்னும் எவ்வளவு நேரம்மா வெச்சிருக்கறது?”

“நம்பர் இதுல இல்ல சித்தப்பா.”

“அழிச்சிருப்பார். உங்கப்பா புடிச்ச முயலுக்கு எப்பவும் மூணு கால்தானே.”

“பெத்த புள்ள நம்பரையா?” என்றாள் அம்மா. நாலு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அழக்கூடத் தெம்பில்லாமல் போயிருந்தது அம்மாவுக்கும் மகளுக்கும். மகளுக்கு அப்பாமேல் ஆத்திரமாக வந்தது. செத்தவரோடு சண்டை போட முடியாதது அதைவிட எரிச்சலாக இருந்தது.

அவளுடைய போன் அடித்தது. ஒரு பதிப்பகத்தில் கணக்குப் பாடப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது அவள் வேலை. பேசியவர் அங்கே புதிதாகச் சேர்ந்த, பிழை திருத்துபவர்.

“மன்னிச்சுக்கோம்மா, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. புஸ்தகம் இன்னிக்கே அச்சுக்குப் போகணும். கணக்குல வர்ற அந்த வளைஞ்ச இங்கிலீஷ் எழுத்தைத் தேடினா ஒண்ணுகூட வரல. கண்ணுக்கு முன்னாடி இருக்கு, கம்ப்யூட்டர் இல்லங்குது.”

“அது சாதா எழுத்து இல்ல சார்,” என்றாள் களைப்போடு. புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். “கணக்குக்குன்னு இருக்கற எழுத்து ஒவ்வொண்ணுக்கும் கம்ப்யூட்டர்ல தனி நம்பர் இருக்கு. அந்த நம்பரை அடிச்சுத்தான் வரவழைக்கறோம். சாதா எழுத்துல தேடினா கம்ப்யூட்டருக்கு அது வேற ஆளு. நீங்க கடைசி வரைக்கும் கண்ணாலயே பார்த்துட்டு...”

பாதியில் போனை வைத்துவிட்டாள்.

அண்ணன் தன் பெயரை எங்கே போட்டாலும் அந்த வளைந்த எழுத்தில்தான் போடுவான். ஏதோ ஒரு ஆப்பிலிருந்து எடுத்து ஒட்டுவான். ‘கணக்குல முட்டை வாங்கினவனுக்குக் கணக்கு எழுத்து கேக்குதா’ என்று அவளே கிண்டல் செய்திருக்கிறாள்.

அப்பாவின் போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். பால்காரர், பிளம்பர், மருந்துக்கடை. வரிசையெல்லாம் முடிந்து, எதிலும் சேராததாக, எல்லாவற்றுக்கும் அடியில், வாலும் சுழியுமாக, அண்ணன் தானே போட்டுவிட்டுப் போன அவன் பெயர் இருந்தது.

அதைத் தொட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, அம்மா பக்கம் நீட்டினாள். முதல் மணி முடியவில்லை.

“அப்பா,” என்றான் அண்ணன். “என்னப்பா, நாலு நாளா பேசவே இல்ல? நான் கூப்பிடக் கூடாதுன்னுட்டீங்க, நீங்களும் கூப்பிடல. மாத்திரை போட்டாச்சா?” பதில் வராததால் குரலைத் தாழ்த்தினான். “அம்மா பக்கத்துல இருக்காங்களா? அப்புறம் பேசட்டுமா?”

சித்தப்பா வாசலுக்குப் போய் வண்டிக்காரரைக் காத்திருக்கச் சொன்னார்.

அம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நகர்ந்து வந்து, போர்வைக்கு வெளியே கிடந்த அப்பாவின் கையை எடுத்து, கட்டைவிரலை மடக்கி, உள்ளே வைத்தாள்.